வார்ட்டில் உங்களைப் பார்த்துப் படிக்கிறவர்கள்: கொழும்பின் மருத்துவ ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வார்ட் ரவுண்ட் முடிந்து படியிறங்கும்போது பாடமும் முடிந்துவிட்டதாக விசேட மருத்துவரான கன்சல்டன்ட் நினைத்துக்கொள்வார். பின்னால் வரும் மாணவப் பிள்ளைகள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் வருகிறார்கள். படிக்கட்டடியில் காத்து நின்ற நோயாளியின் மகனுக்கு சேர் நின்று பதில் சொன்னாரா, நடந்துகொண்டே சொன்னாரா? வேறு யூனிட்டில் எழுதிக்கொடுத்த மருந்தைப் பற்றி நக்கலாக ஏதும் சொன்னாரா? தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஒதுங்கி வழிவிட்டாரா? இதெல்லாம் ஃபைனல் பரீட்சைக்கு வராது. ஆனால் சில வருடம் கழித்து அம்பாறையிலோ வவுனியாவிலோ ஒரு வார்ட்டைப் பொறுப்பெடுக்கும்போது அந்தப் பிள்ளையின் கையிலும் வாயிலும் வருவது பெரும்பாலும் இதுதான்.

கொழும்பின் போதனா வைத்தியசாலைகளில் மாணவர்களுக்குக் கற்பிக்கும் கன்சல்டன்ட், சீனியர் ரெஜிஸ்ட்ரார், ரெஜிஸ்ட்ரார்மாருக்காக இதை எழுதுகிறேன். தேசிய வைத்தியசாலை, பொரளை லேடி றிட்ஜ்வே, டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலை, களுபோவில, எங்கே இருந்தாலும் சரி. நல்ல மனிதராக இருங்கள் என்று சொல்ல ஒரு வழிகாட்டி தேவையில்லை. மிக நல்ல மருத்துவர்கள் பலர் மாணவர்களுக்கு முன்மாதிரியாக அமையாமலே போகிறார்கள். அவர்கள் செய்யும் நல்ல காரியம் பிள்ளைகளின் கண்ணில் படுவதில்லை. பட்டாலும், ஏன் அப்படிச் செய்தார் என்று விளங்குவதில்லை. அதை விளங்க வைப்பது பழகிக்கொள்ளக்கூடிய வேலை என்பதுதான் என் கட்சி.

தொடங்குமுன் கொஞ்சம் பின்னணி

மாணவர்களை விரிவுரை மண்டபத்திலிருந்து நோயாளியின் கட்டிலருகே கொண்டுவந்தவர்களில் வில்லியம் ஒஸ்லர் முக்கியமானவர். 1890களில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் அவர் அதை ஒரு முறையாகவே ஆக்கினார். பார்த்துப் பழகுவது எப்படி நடக்கிறது என்பதை உளவியலாளர் அல்பேர்ட் பண்டுரா பிரித்துக் காட்டினார். 1977இல் அவர் விரித்துச் சொன்ன சமூகக் கற்றல் கோட்பாட்டின்படி நான்கு விஷயம் கூடிவர வேண்டும்: கவனிக்க வேண்டும், மனதில் நிற்க வேண்டும், தானும் செய்து பார்க்க முடிய வேண்டும், செய்ய விருப்பம் வர வேண்டும். நம்முடைய வார்ட்டுகளில் அனேகமாக முதலாவதோடு நின்றுவிடுகிறோம்.

2008இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க்ரூஸ் தம்பதியரும் ஸ்டைனர்ட்டும் முன்மாதிரி மருத்துவரின் இயல்புகளை மூன்றாக வகுத்தார்கள்: மருத்துவத் திறமை, கற்பிக்கும் திறமை, மனிதராக அவர் எப்படி என்பது. மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு முதலாவதை மறக்கிறவர்களும் உண்டு. எவ்வளவு அன்பாகப் பேசினாலும், வீங்கிய மண்ணீரலைத் தொட்டுக் கண்டுபிடிக்கத் தெரியாத டொக்டரை எந்த மாணவரும் பின்பற்றப் போவதில்லை.

இன்னொன்று. அமெரிக்காவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து அவதானித்து 2009இல் வெளியான ஆய்வு, நோயாளி மீதான பரிவு மூன்றாம் வருடத்தில் குறையத் தொடங்குவதாகக் காட்டியது. அங்கே மூன்றாம் வருடம் என்பது புத்தகத்தை விட்டு வார்ட்டுக்குள் போகும் வருடம். அதாவது, நம்மைப் பார்க்கத் தொடங்கும் வருடம்.

படி 1: முதலில் உங்களை ஒருவர் கவனிக்கட்டும்

உங்கள் பழக்கம் உங்களுக்குத் தெரியாது. நம்பிக்கையான ஒரு சீனியர் ரெஜிஸ்ட்ராரையோ வேறு யூனிட் நண்பரையோ இரண்டு ரவுண்டுகளுக்குக் கூட வரச் சொல்லுங்கள். உங்கள் மருத்துவ முடிவுகளை அவர் எடைபோட வேண்டாம். மாணவர் நிற்கும் இடத்தில் நின்று, மாணவர் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். நோயாளியைப் பெயர் சொல்லி அழைத்தீர்களா, ‘பத்தாம் கட்டில்’ என்றீர்களா? திரையை இழுத்தது யார்? தாதி ஒரு விஷயம் சொல்ல வந்தபோது முகத்தைப் பார்த்தீர்களா? போனை எடுத்தபோது பேசிக்கொண்டிருந்த நோயாளியிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா?

கை கழுவுவதைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த எந்தத் தருணத்தில் கையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களை வகுத்திருக்கிறது. மாணவர்கள் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் மூத்தவர் கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போனால் பின்னால் வருபவர்களும் கழுவுவதில்லை. இதை ஆய்வுகளும் சொல்லியிருக்கின்றன, எந்த வார்ட்டிலும் அரை மணித்தியாலம் நின்றால் கண்ணாலும் காணலாம்.

குறிப்பு கையில் வந்ததும் எல்லாவற்றையும் திருத்தக் கிளம்பாதீர்கள். இரண்டை மட்டும் எடுங்கள்.

படி 2: எல்லோரையும் அல்ல, இருவரைத் தேர்ந்தெடுங்கள்

கொழும்பு வார்ட்டின் யதார்த்தம் நமக்குத் தெரியும். கட்டில்கள் நிரம்பி, சில நாட்களில் கட்டிலுக்குக் கீழும் பாய் விரித்திருக்கும். கிளினிக் காத்திருக்கும். எல்லா நோயாளியிடமும் ஆறுதலாக உட்கார்ந்து பேசுங்கள் என்று சொல்வது வார்ட்டைப் பார்க்காதவர்கள் எழுதும் அறிவுரை. ஆகவே ரவுண்டுக்கு முன்பே இருவரைத் தெரிவு செய்யுங்கள். மற்றவர்களிடம் வழக்கமான வேகத்தில் போங்கள். இந்த இருவரிடம் மட்டும் வேகத்தைக் குறையுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள்: “இந்த அம்மாவிடம் நான் எப்படிப் பேசுகிறேன் என்று மட்டும் பாருங்கள். பெட் ஹெட் டிக்கெட்டை (நோயாளியின் வைத்தியக் குறிப்பை) பிறகு பார்க்கலாம்.” பண்டுரா சொன்ன முதல் விஷயம், கவனம், இப்படித்தான் வரும்.

அந்த முதல் இரண்டு நிமிடம் எப்படி இருக்கும்? திரையை நீங்களே இழுக்கிறீர்கள். கையைத் தேய்த்துக்கொள்கிறீர்கள். ஸ்டூல் இருந்தால் இழுத்து உட்காருகிறீர்கள். கண் மட்டத்துக்கு வந்தால் போதும், உட்காருவதற்குக் கூடுதல் நேரம் எடுக்காது. உங்கள் பெயரைச் சொல்கிறீர்கள். வார்ட்டில் ஒரு வாரம் படுத்திருந்தும் பெரிய டொக்டரின் பெயர் தெரியாமல் வீட்டுக்குப் போகும் நோயாளிகள் எத்தனை பேர்! அப்புறம் மாணவர்களைக் காட்டிக் கேட்கிறீர்கள்: “அம்மா, இவங்க டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள். உங்க நெஞ்சுல குழாய் வச்சுக் கேட்டுப் பார்க்கலாமா? வேணாம்னா சொல்லுங்க, அதால உங்க வைத்தியத்துக்கு ஒரு குறையும் வராது.”

அம்மா வேண்டாம் என்றால் நல்லதாகப் போயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். முகம் சுளிக்காமல் நன்றி சொல்லி அடுத்தவரிடம் போவதை மாணவர்கள் பார்க்கட்டும். நோயாளியின் சம்மதம் பற்றி எத்தனை விரிவுரை நடத்தினாலும் இந்த அரை நிமிடத்துக்கு ஈடாகாது. ஒருவருக்குப் பின் ஒருவராக எட்டுப் பேரும் அதே கல்லீரலை அமுக்கிப் பார்க்கக் கூடாது என்பதையும் இங்கேயே நடத்திக் காட்டலாம்: இருவர் பார்த்ததும் “போதும், அம்மாவுக்கு நோகும்” என்று நிறுத்துங்கள்.

படி 3: யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்

இது இல்லாமல் மற்றப் படிகளால் பெரிய பிரயோசனம் இல்லை. அனுபவமுள்ள மருத்துவரின் தலைக்குள் முடிவு மின்னலாக வந்துவிடும். மாணவருக்குத் தெரிவது டிக்கெட்டில் எழுதும் ஒரு வரி மட்டும்.

டெங்குவை எடுத்துக்கொள்வோம். 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கு மேற்பட்ட நோயாளர் பதிவானபோது கொழும்பு வார்ட்டுகள் பட்ட பாடு பலருக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு மழைக்கும் டெங்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. 50 கிலோ எடையுள்ள ஒருவர், இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கசியும் கட்டத்தில் இருக்கிறார் என்று வையுங்கள். “டிரிப்பைக் குறையுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். அல்லது இப்படிச் சொல்லலாம்:

“இவருக்கு 48 மணித்தியாலத்துக்குக் கொடுக்கக்கூடிய நீரின் மொத்தக் கணக்கு 4,600 மில்லிலீற்றர், வாயால் குடிப்பதும் சேர்த்து. முதல் 12 மணித்தியாலத்திலேயே கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது. சிறுநீர் மணிக்கு 80 மில்லி போகிறது. நமக்குத் தேவை கிலோவுக்கு அரை முதல் ஒரு மில்லி, அதாவது 25 முதல் 50. நாடித்துடிப்பு நன்றாக இருக்கிறது, பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறவில்லை. இன்னும் ஊற்றினால் நாளைக்கு நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டி மூச்சு முட்டும். ஆகவே குறைக்கிறேன். ஆனால் கசிவு எப்போது தொடங்கியது என்பதில் எனக்கு முழு நிச்சயம் இல்லை. ஸ்கான் செய்து பார்ப்போம். இரண்டு மணித்தியாலத்தில் திரும்பி வருவேன், அதற்குள் பி.சி.வி. ஏறினால் என்னைக் கூப்பிடுங்கள்.”

ஒரு நிமிடத்துக்கும் குறைவான பேச்சு. கணக்கு இருக்கிறது, காரணம் இருக்கிறது, எங்கே நிச்சயமில்லை என்பது இருக்கிறது, தவறினால் எப்படிப் பிடிப்பது என்பதும் இருக்கிறது. “எனக்கு நிச்சயம் இல்லை” என்ற சொல் கன்சல்டன்ட் வாயிலிருந்து வருவதை மாணவர் கேட்பது முக்கியம். கேட்காமல் வளர்கிறவர்தான் நடுராத்திரி இரண்டு மணிக்கு சீனியரைக் கூப்பிடக் கூச்சப்படும் ஹவுஸ் ஒபிசராக (படிப்பு முடித்து வார்ட்டில் வேலை செய்யும் இளம் டொக்டராக) வருகிறார். டெங்குவில் அந்தக் கூச்சத்துக்கு விலை உயிர்.

குணத்தையும் இப்படியே வாய்விட்டுச் சொல்லலாம். திரையை விட்டு வெளியே வந்ததும்: “அவர் குடிப்பதைப் பற்றி நான் மனைவி இருக்கும்போது கேட்கவில்லை, கவனித்தீர்களா? பின்னேரம் தனியாகக் கேட்பேன்.” சொல்லாவிட்டால், சேர் கேட்க மறந்துவிட்டார் என்றே நினைப்பார்கள்.

படி 4: மொழி

கொழும்பில் மருத்துவம் படிப்பிக்கும் ஒருவர் தப்ப முடியாத இடம் இது. புத்தகம் ஆங்கிலத்தில், வார்ட் சிங்களத்தில், நோயாளி சில வேளை தமிழில். கொட்டாஞ்சேனையிலிருந்தும் மட்டக்குளியிலிருந்தும் வருகிறவர்கள் எப்படியோ சமாளிப்பார்கள். அட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து மாற்றி அனுப்பப்பட்டு வந்த முதியவர் சமாளிக்க மாட்டார், கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவார். தலையாட்டியதை ‘ஆம்’ என்று டிக்கெட்டில் எழுதிவிடுவார்கள்.

அப்போது யாராவது கூட்டத்தைப் பார்த்து, “தமிழ்ப் பிள்ளை யார் இருக்கிறது?” என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்த ஒரு பிள்ளை முன்னால் வரும். இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை வார்ட்டே பார்க்கிறது.

முதலாவது, மொழிபெயர்க்க விருப்பமா என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். அவரும் படிக்க வந்தவர். ரவுண்டில் பாதியை மொழிபெயர்ப்பிலேயே கழித்தால் அவர் பாடம் போய்விடும். செய்தால் எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லுங்கள். இரண்டாவது, பேசும்போது பிள்ளையைப் பார்க்காமல் நோயாளியைப் பாருங்கள். சின்னச் சின்ன வசனமாகப் பேசி நிறுத்துங்கள். மூன்றாவது, புற்றுநோய், மரணம், கால் எடுப்பது போன்ற செய்தியை ஒரு மூன்றாம் வருடப் பிள்ளையின் வாயால் சொல்லவைக்கக் கூடாது. தமிழ் பேசும் ஒரு டொக்டரையோ அனுபவமுள்ள தாதியையோ தேடுங்கள், கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை.

தமிழ்ப் பிள்ளைக்கும் எல்லாத் தமிழும் தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ‘நோகுது’, தோட்டத்தில் ‘வலிக்குது’. ‘முட்டு’ என்று யாழ்ப்பாணத்து ஆச்சி சொன்னால் மூச்சிரைப்பு என்று விளங்குகிற பிள்ளை, மலையகத்து அம்மா ‘இழுப்பு’ என்றால் ஒரு கணம் யோசிக்கும். யோசித்துத் திரும்பக் கேட்பது சரியான காரியம் என்று சொல்லிக்கொடுங்கள். சிங்கள மாணவர்களுக்கும் நாலைந்து தமிழ் வசனம் பழக்கலாம்: எங்கே வலிக்குது, எத்தனை நாளா, மூச்சு வாங்குதா, பயப்படாதீங்க. 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. கட்டிலருகே அது வருவதற்கு இந்த நாலு வசனம் சட்டத்தைவிட உதவும்.

தமிழ் கன்சல்டன்ட்மாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. குழுவில் தமிழ்ப் பிள்ளை இருந்தால் வாய் தானாகத் தமிழுக்குப் போகும். ஊர் எது, எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரிக்கத் தோன்றும். விசாரியுங்கள், ஆனால் எல்லோரிடமும். நோயாளியைப் பற்றி ஒரு பிள்ளையிடம் மட்டும் தமிழில் விளங்கப்படுத்திவிட்டு நகர்ந்தால், மற்றவர்கள் படிக்கும் பாடம் நீங்கள் நினைத்த பாடமாக இருக்காது. அதேபோல, சிங்கள கன்சல்டன்ட் ஒருவர் தட்டுத்தடுமாறித் தமிழில் “அம்மா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்பதைப் பார்த்த தமிழ்ப் பிள்ளைகள் அதை லேசில் மறப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கியும் வைத்தார். இன்றைக்குக் கொழும்பில் பீடமே தமிழில் நடக்கத் தேவையில்லை, நோயாளியிடம் கேட்டறியும் ஒரு ஹிஸ்டரியாவது தமிழில் ஒழுங்காக எடுத்தால் போதும்.

படி 5: கெட்ட செய்தி சொல்லும்போது

மாணவர்களை வெளியே அனுப்பிவிடுவதே வழக்கம். நோயாளி சம்மதித்தால் ஒருவரையோ இருவரையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான ‘ஸ்பைக்ஸ்’ என்ற ஆறு கட்ட முறையை அவர்கள் படித்திருப்பார்கள்: இடத்தை ஒழுங்குபடுத்துவது, நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்பது, செய்தியைச் சொல்வது, அவர் உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன என்று பேசுவது. புத்தகத்தில் படிக்க முடியாதது, செய்தி சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு இருப்பது. அதை நேரில்தான் காட்டலாம்.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல் வரும். “டொக்டர், அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ” என்று மகன் வெளியே மறித்துக் கேட்பார். மகனைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். அவர் பயத்தைக் கேட்டுவிட்டு, அப்பா நேரடியாகக் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன் என்று மெதுவாகச் சொல்லுங்கள். மாணவர்கள் கேட்கும்படி சொல்லுங்கள்.

படி 6: கீழே இருப்பவர்களிடம் எப்படி

பகிடிவதையைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வார்ட்டில் எல்லோர் முன்னிலையிலும் ஒரு பிள்ளையை அழவைப்பதற்குப் பெயர் வேறு. “எங்கள் காலத்தில் இதைவிட மோசம்” என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்வார்கள். அப்படி அடிபட்டு வந்தவர்கள்தான் இன்று அடிக்கிறார்கள் என்பதே அந்த முறை எவ்வளவு நன்றாகக் கற்பிக்கிறது என்பதற்குச் சாட்சி.

கடினமான கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். குழுவில் இளையவரிடம் தொடங்கி மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால், சீனியருக்குத் தெரியாததை ஜூனியர் சொல்லும்போது இருவருக்குமே சங்கடம். “தெரியாது சேர்” என்று வந்தால், “சரி, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?” என்று கேளுங்கள். ஹவுஸ் ஒபிசரைத் திருத்துவதானால், நோயாளிக்கு உடனே ஆபத்து என்றால் மட்டும் அந்த இடத்திலேயே, மற்றதெல்லாம் தனியாக. தாதியைப் பொறுத்தவரை ஒரு சின்ன வழக்கம் நிறையச் செய்யும்: ஒவ்வொரு ரவுண்டிலும் “மிஸ், நீங்கள் ராத்திரி என்ன கவனித்தீர்கள்?” என்று கேட்டு, சொன்ன பதிலை வைத்து ஒரு முடிவையாவது மாற்றுங்கள்.

படி 7: தவறு நடந்தால்

மருந்து அளவு பிழைத்துவிட்டது, ரிப்போர்ட் ஒன்றை யாரும் பார்க்கவில்லை. இப்படியான நாள் வராமல் போகாது. மாணவர் முன்னிலையில் நோயாளியிடம் நேராகப் போய், என்ன நடந்தது, அதனால் என்ன வரலாம், இப்போது என்ன செய்கிறோம் என்று சொல்லி வருத்தம் தெரிவியுங்கள். “தவறு நடந்துவிட்டது” என்பதைவிட “நாங்கள் தவறவிட்டோம்” என்பது நேர்மை. பழியை ஹவுஸ் ஒபிசர் தலையில் இறக்கிவிட்டு நகர்ந்தால், தவறை எப்படி மறைப்பது என்ற பாடத்தை அன்றைக்கே முழுமையாக நடத்திவிட்டீர்கள்.

படி 8: சனல் பண்ணும் இடமும் வார்ட்டும்

இதைப் பேச யாரும் விரும்புவதில்லை. காலையில் வார்ட்டில் நோயாளியின் கேள்விக்குப் பதில் சொல்ல நேரமில்லாத டொக்டர், பின்னேரம் தனியார் வைத்தியசாலையில் சனல் பண்ணி (காசு கட்டி முன்பதிவு செய்து) வருகிறவரை எழுந்து நின்று வரவேற்கிறார் என்றால், மாணவருக்குத் தெரியாமல் இருக்காது. கொழும்பு சின்ன ஊர். அவருடைய சித்தியோ மாமாவோ அங்கே சனல் பண்ணியிருப்பார். வேலைப்பளு வேறு, நேரம் வேறு, ஒத்துக்கொள்கிறேன். குரல் ஒன்றாக இருக்கலாமே. மருந்துக் கம்பனி கொடுக்கும் பேனாவும் சாப்பாடும் இதே கணக்கில்தான் வரும்.

படி 9: ஹவுஸ் ஒபிசரையும் தயார்படுத்துங்கள்

மாணவர் உங்களை வியந்து பார்ப்பார்; பின்பற்றுவது தன்னைவிட இரண்டு மூன்று வருடம் மூத்தவரை. கனுலா (நாளத்துக்குள் விடும் சிறு குழாய்) போடுவது முதல் சிற்றூழியரிடம் பேசும் தொனி வரை ஹவுஸ் ஒபிசரிடமிருந்துதான் ஒட்டிக்கொள்கிறது. தூக்கமில்லாமல் நிற்கும் அவரிடம் போய் முன்மாதிரி பற்றி வகுப்பெடுக்க வேண்டாம். “உன்னைத்தான் இந்தப் பிள்ளைகள் பார்க்கினம்” என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அவர் நேரத்துக்குச் சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள்.

படி 10: ரவுண்டுக்குப் பிறகு பத்து நிமிடம்

பிளேன் டீயோடு உட்கார்ந்து பேசும் இந்தப் பத்து நிமிடத்தை வெட்டிவிடாதீர்கள். நோயை விட்டுவிட்டு, பார்த்ததைக் கேளுங்கள். “ஏழாம் கட்டில் ஐயா ஏன் கோபப்பட்டார்?” “நான் வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம்?” முதல் நாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நீங்களே உங்கள் பேச்சில் ஒரு குறையைச் சொல்லித் தொடங்கினால் இரண்டாம் வாரம் திறப்பார்கள்.

வேறு யூனிட்டில் கண்ட மோசமான ஒன்றை யாராவது சொன்னால், பெயர் சொல்ல விடாதீர்கள், அந்த டொக்டரைத் திட்டவும் செய்யாதீர்கள். என்ன நடந்தது, நோயாளிக்கு என்ன ஆனது, நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் பேசுங்கள். நோயாளிக்கு ஆபத்தான விஷயமானால் அது பிள்ளைகளின் பொறுப்பில்லை. நீங்கள் உரிய இடத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

படி 11: பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

நீங்கள் இல்லாத நேரத்தில் வார்ட் பக்கம் போய்ப் பாருங்கள். ஹிஸ்டரி எடுக்கும் பிள்ளை திரையை இழுத்திருக்கிறதா, பெயர் சொல்லிப் பேசுகிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

அப்பொயின்ட்மென்ட் (மாணவர் ஒரு வார்ட்டில் பயிலும் காலம்) முடிவில் அரைத் தாளில் இரண்டு கேள்வி கொடுங்கள்: இந்த வார்ட்டில் பார்த்த எதை நீங்களும் செய்வீர்கள்? எதைச் செய்யவே மாட்டீர்கள்? பெயர் வேண்டாம், எந்த மொழியிலும் எழுதலாம். புள்ளி போட்டு, கையெழுத்தும் வைத்துக் கொடுத்த பிறகே தாளைக் கொடுங்கள், இல்லாவிட்டால் பாராட்டுப் பத்திரம்தான் வரும். சேகரிப்பது நீங்களாகவோ உங்கள் ரெஜிஸ்ட்ராராகவோ இருக்கக் கூடாது. பீடத்தின் அலுவலகத்தில் ஒரு பெட்டி போதும். இரண்டாவது கேள்விக்கு எல்லோரும் வெற்றிடம் விட்டிருந்தால், உங்களிடம் குறையே இல்லை என்று எடுத்துக்கொள்ளாமல், படி 6ஐத் திரும்ப வாசியுங்கள்.